நேற்றிரவு இங்கே உறங்கியவர்கள்

படிவத்தின் முதல் கேள்வி:
நேற்றிரவு இந்த வீட்டில் உறங்கியவர் எத்தனை பேர்?

கிசுமுவில் மூன்று நாள் பயிற்சி.
வீடு என்றால் ஒரே பானையில் உண்பவர்கள் என்றார்கள்.
இரவு என்றால் என்னவென்று
யாரும் சொல்லித்தரவில்லை.

நியாகெரோ,
ஏரி நடுவே ஒரு பாறை.
சுற்றிவர அறுநூறு காலடி,
வார் அறுந்த செருப்போடு நான் நடந்து அளந்தது.
தகரம், தகரத்தின் மேல் தகரம்,
இரண்டு மதுக்கடை, ஒரு மருந்துக்கடை,
கடன் தராத ஒரு முடிதிருத்தகம்.
கழிப்பறை ஒன்றே ஒன்று.
அதன் வரிசையில் வைத்தே
பாதித் தீவை எண்ணி முடித்தேன்.

எள் விழ இடமில்லை என்பது பழைய கணக்கு.
இங்கே எள் விழுந்தால்
அபோண்டி அதனிடமும் வாடகை கேட்பாள்.

அவள் வீட்டில் ஒரு கட்டில்.
இரவில் அவளுக்கும் இரண்டு மகள்களுக்கும்.
விடிந்ததும் ஒடெராவுக்கும்
அவனோடு வலை இழுக்கும் மூவருக்கும், முறைவைத்து.
"இந்த மெத்தை ஆறி நான் பார்த்ததில்லை" என்றாள்.

நேற்றிரவு உறங்கியவர் மூவர்.
நேற்றிரவு உறங்காதவர் நால்வர்.
உறங்காதவருக்கும் ஒரு விதி இருக்கும்;
கையேட்டில் அந்தப் பக்கம்
நனைந்து ஒட்டிப்போயிருந்தது.

நைரோபிக்குப் போன் போட்டேன்.
மேற்பார்வையாளர் செருயோட் சிரித்தார்:
"ஒரு பாறைக்கு இத்தனை பேரா?
குறைவாகப் பெற்றுக்கொண்டால் என்ன இவர்கள்?"
நான் ஒன்பதில் ஏழாவது.
சிக்னல் இல்லையென்று வைத்துவிட்டேன்.

அதிகாலையில் படகுகள் வந்தன.
ம்புட்டா மீனைத் தராசில் போடும்போதே
அதன் சதைக்கு எங்கோ மேசை போட்டாகிவிட்டது.
சதை ஐஸ் ஏறும், லாரி ஏறும், விமானம் ஏறும்.
தலையும் நடுமுள்ளும் ஆலையிலிருந்து
மூட்டையாகத் திரும்பி வரும்.
அபோண்டி அதைப் பொரிக்கிறாள்.
ஒரு முள்ளுக்கு ஏழு பேர் என்று எழுதலாமா?
அப்படியொரு கட்டம் இல்லை.

ஆனால் ஒடெராவின் வலையையும் பார்த்தேன்,
மறைக்க மாட்டேன்.
அவன் அப்பா காலத்து வலைக்கண்ணில்
முஷ்டி நுழையுமாம்.
இதில் என் சுண்டுவிரல் சிக்கியது.
கண் சுருங்கச் சுருங்க
வலைக்கு எல்லாம் தெரிந்துவிடுகிறது:
முட்டையிடாதது,
போன வாரம் பிறந்தது,
மீனா இலையா என்று
இன்னும் முடிவாகாதது.

"சின்னதை விட்டுவிடக் கூடாதா?"
"நான் விட்டால் அடுத்த படகு எடுக்கும்.
எல்லாரும் விட்டால் நானும் விடுவேன்."
"எல்லாரும் என்றால் எத்தனை பேர்?"
கண்ணைக் கசக்கிக்கொண்டு
கட்டிலை நோக்கி நடந்தான்.
"எண்ண வந்தவள் நீதானே."

மூன்று என்பதை அடித்து நான்கு என்று திருத்தினேன்.
நேற்று அந்தக் கட்டிலின் விளிம்பில்
சின்ன மகளின் முழங்கால் விலாவில் குத்த
உறங்கியவள் நானும்தான்.

திரும்பும் படகில்
வெளிப்பலகையில் ஒரு சிவப்புக் கோடு,
பெயிண்ட் உதிர்ந்தது.
தண்ணீர் அதைத் தொட்டால் கிளம்பக் கூடாது.
தொட்டிருந்தது.
"யாராவது இறங்குங்கள்" என்றான் படகோட்டி.

ஒருவரையொருவர் பார்த்தோம்.
காய்ச்சல் குழந்தையோடு ஒருத்தி,
பரீட்சைக்குப் போகும் பையன்,
அரசாங்கப் பையோடு நான்,
காரணமே சொல்லாத ஒரு கிழவர்.
எல்லாருக்கும் அவசரம்.
வெயில் ஏறியது.

கடைசியில் அந்தக் கிழவர்தான் எழுந்து,
இறங்கப்போகிறார் என்று நாங்கள் நினைக்க,
ஐஸ் பெட்டி ஒன்றின் கைப்பிடியைப் பற்றினார்.
பையன் மறுபக்கம் பிடித்தான்.
கம்பெனி ஆள் கரையில் நின்று கத்தினான்,
காசு என்றான், கெட்டுப்போகும் என்றான்,
போலீஸ் என்றான்.
இரண்டாவது பெட்டியை நானும் தூக்கினேன்.

கோடு வெளியே வந்தது,
ஈரமாக,
இரண்டு விரல் அகலம்.